அப்பா செய்த நீலக் கால்கள்

என்னுடைய இரண்டு பாதங்களும் வேலை செய்ய மறந்துவிட்டதை எங்கள் வீட்டில் யாரும் உடனே கவனிக்கவில்லை. நடக்க நடக்கச் செருப்பு காலிலிருந்து கழன்று பின்னால் தங்கிவிடும். அது கழன்றதே எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு வெறுங்காலுடன் போய்க்கொண்டிருப்பேன். செருப்பின் வார் இளகிவிட்டது என்று அம்மா நினைத்தார். எனக்குக் கவனம் போதாது என்று அப்பா நினைத்தார். ஒரு நாள் அடுக்களை வாசற்படியில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தரம் தடக்கி விழுந்தேன். மூன்றாம் தரம் அப்பா என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, "பாதத்தை நிமிர்த்து, பாப்பம்" என்றார். நிமிர்த்தினேன். அப்படித்தான் நான் நினைத்தேன். ஆனால் பாதம் இரண்டும் கொடியில் காயப்போட்ட சீலையைப்போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏன் விளையாடுறாய்? நிமிர்த்து."

"நிமித்திப்போட்டன் அப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் இருந்தால் அடுத்த நாள் ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும். அவ்வளவுக்கு அனுபவசாலியாகியிருந்தேன். வயது ஏழு.

எண்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்தின் கொழும்புத்துறைக் கரையில், கடலுக்குக் கல்லெறி தூரத்தில் எங்கள் வீடு. எனக்கு வந்த வருத்தத்தின் பெயர் இரத்தப் புற்றுநோய். வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'இரத்தத்திலே ஒரு பிழை' என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்வது போல இதையும் செய்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவும் நானும் ஐந்து மாதம் இருந்து, கிழமைக்கொரு ஊசி ஏற்றி, வருத்தத்தை அடக்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தோம். இனி மாதம் ஒரு ஊசியும் நாளாந்தம் குளிசைகளும் என்று சொல்லி, எங்கள் யாழ்ப்பாணத்து டொக்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

வருத்தம் எனக்கு ஒரு தொல்லையும் தரவில்லை. மருந்துகள்தான் தந்தன. முதலில் தலைமயிர் போனது. அடுத்ததாக வாய்க்குள் புண் வந்தது. மாதத்தில் ஐந்து நாள் விழுங்கவேண்டிய ஒரு குளிசை இருந்தது. அந்த ஐந்து நாளும் என் முகம் பூசணிக்காய்போல வீங்கும், பசியோ அடங்காது. காலையில் புட்டும் மீன்குழம்பும் தின்றுவிட்டுக் கை கழுவும்போதே மத்தியானத்துக்கு என்ன கறி என்று கேட்பேன். இல்லை என்று யாரும் சொன்னால் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிவேன். எறிந்துவிட்டு நானே அழுவேன். அம்மா கோப்பையை எடுத்துக் கழுவி, திரும்பவும் போட்டுத் தருவார்.

அந்த நாட்களில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். பிள்ளைக்கு உப்பில்லாமல் கொடுத்துவிட்டு நாங்கள் உப்போடு தின்னக்கூடாது என்று அம்மா வீடு முழுவதற்கும் சட்டம் போட்டார். அப்பா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "வலை ஒண்டு பாத்துப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் இருந்த தன் அக்காவிடம், அதாவது என் மாமியிடம், போய்த் திரும்பி வந்தார். அம்மா அவருடைய கையைப் பிடித்து மணந்து பார்த்தார்.

"வலையிலை பொரிச்ச கருவாடே பட்டது?"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டார். கொழும்பிலிருந்து வந்தபின் அம்மா சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. அதனால் அப்பா அடிக்கடி கருவாடு தின்னவேண்டும் என்று நான் விரும்பினேன்.

பாதம் தொங்கிய மறுநாள் டொக்டர் ஒரு சின்னச் சுத்தியலால் என் முழங்காலிலும் குதிகாலிலும் தட்டிப் பார்த்தார். கால் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

"வருத்தம் திரும்பி வரேல்லை. அதுக்குப் பயப்பிடாதேங்கோ. இது ஊசி செய்த வேலை. நரம்பு சோந்து போச்சு. ஊசியைக் குறைப்பம், கால் திரும்பும். ஆனா மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும்?" என்று அம்மா கேட்டார்.

"அதுவரைக்கும் பாதம் இப்பிடித் தொங்கினபடி கிடந்தா குதிகாலுக்கு மேலை இருக்கிற தசைநார் சுருங்கியிடும். பிறகு நரம்பு திரும்பினாலும் பாதம் நிமிராது. நிமித்திப் பிடிக்கிறதுக்கு ஒரு தாங்கு வேணும். கொழும்பிலை செய்து குடுப்பினம். இஞ்சை செய்ய ஆளில்லை."

அந்த மாதம் கொழும்புக்குப் போக வழியில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்தது. எப்போது திறக்கும் என்று கேட்பதற்கும் ஆளில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டு, "எந்தக் கோணத்திலை நிக்கவேணும் டொக்டர்?" என்று கேட்டார்.

டொக்டர் தன் கையை மணிக்கட்டில் நிமிர்த்திக் காட்டினார். "இப்பிடி. செங்கோணம்."

அப்பா என் காலைப் பார்த்தார். கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் அடிப்பாகத்தை அவர் அப்படித்தான் பார்ப்பார், ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அப்பா முந்திக் கடற்றொழிலுக்குப் போனவர். கடலுக்குப் போகத் தடையும் தாமதமும் கூடிக்கொண்டு வர, உடைந்த பைபர் வள்ளங்களை ஒட்டித் திருத்தும் வேலைக்கு மாறியிருந்தார். கண்ணாடி நாரால் நெய்த துணியை ஓட்டையின்மேல் பரப்பி, ரெசின் என்ற பிசினை அதன்மேல் பூசினால், காய்ந்ததும் இரும்பைப்போல இறுகிவிடும். தண்ணீரில் ஊறாது, பாரமும் இல்லை. எங்கள் கரையில் அப்பாவின் கை படாத வள்ளம் குறைவு.

அன்றைக்கே அப்பா ஆஸ்பத்திரியில் முறிவுக்குக் கட்டுப்போடும் அறைக்குப் போய், அங்கே இருந்தவரைக் கெஞ்சிக் கேட்டார். அவர் என் பாதங்களை நிமிர்த்திப் பிடித்து, முழங்கால்வரை ஈரமான மாக்கட்டு சுற்றி, அது இறுகியபின் வெட்டிக் கழற்றித் தந்தார். இரண்டு வெள்ளைக் கால்கள், உள்ளே வெறுமையாக. அவற்றைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டு, சைக்கிள் ஹாண்டிலில் கொழுவி, என்னைப் பின்னால் கரியரில் ஏற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கு மிதித்தார்.

வழியில் ஒரு சென்றி, இராணுவக் காவலரண். எங்கள் மொழி தெரியாத ஒரு சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். பேப்பரை விரித்துக் கொண்டுபோனவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். உள்ளே இரண்டு சிறிய கால்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, என் காலை எடுத்து அது தொங்குவதைக் காட்டினார். பிறகு அந்த வெள்ளைக் கூட்டுக்குள் என் காலை நுழைத்துக் காட்டினார். பாதம் நிமிர்ந்து நின்றது. சிப்பாய் என் மொட்டைத் தலையையும் வீங்கிய முகத்தையும் கொஞ்சநேரம் பார்த்தான். அந்த மாக்கட்டுக் கால்களை இரண்டு கையாலும் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுப் போகச் சொன்னான். அவன் அவற்றுக்குப் பயந்துவிட்டான் என்று எனக்குப் பெரிய சந்தோஷம். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அந்தக் கூடுகளுக்குள் அப்பா சீமெந்துச் சாந்து வார்த்து இறுகவிட்டு, மேலே இருந்த மாக்கட்டை உடைத்து எடுத்தார். என் கால்களைப் போலவே, விரல்கள் உட்பட, இரண்டு சீமெந்துக் கால்கள் கிணற்றடியில் வெயில் காய்ந்தன. நான் வீட்டுக்குள் கட்டிலில் கிடந்தேன். தண்ணீர் அள்ள வந்த மாமி அவற்றைக் கண்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நல்ல காரியம் செய்தாய் தம்பி. அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சனியோ?"

கால் சுகப்பட்டால் வெள்ளியிலோ மெழுகிலோ கால் செய்து கோயிலில் வைப்பதாக நேர்ந்துகொள்வது எங்கள் ஆட்களிடம் வழமை. சீமெந்தில் வைப்பதாக யாரும் நேர்ந்ததில்லை. அப்பா எவ்வளவு விளங்கப்படுத்தியும் மாமி நம்பவில்லை. போகும்போது ஒரு செவ்வரத்தம் பூவைப் பிடுங்கி அந்தக் கால்களுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா சீமெந்துக் காலுக்கு மெழுகு பூசி, அதன்மேல் நார்த்துணியைச் சுற்றி, ரெசினைத் தூரிகையால் அடித்தார். யாரோ ஒருவருடைய வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீல நிறத்தை அதற்குள் கலந்திருந்தார். காய்ந்ததும் கழற்றி, முன்பக்கத்தை இரும்பு வெட்டும் வாளால் அறுத்துத் திறந்து, பழைய பள்ளிப்பையின் வார்களைப் பூட்டி, அடியில் ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டினார். மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். முற்றத்தைச் சுற்றி நடந்தேன். விழவில்லை. இன்னொரு சுற்று நடந்தேன். வள்ளத்தின் நிறத்தில் எனக்கு இரண்டு கால்கள் இருந்தன. ஊரில் வேறு ஒரு பிள்ளைக்கும் அப்படி இல்லை. அன்று பொழுதுபட அம்மா கழற்றச் சொன்னபோது கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

அதுதான் பிழையாய்ப் போனது. மூன்றாம் நாள் கணுக்காலில் ஒரு கொப்புளம். நரம்பு சோர்ந்த காலில் நோவு தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, சிவந்து, காய்ச்சல் ஏறியபிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஊசி ஏற்றும் பிள்ளைக்கு இரத்தத்தில் கிருமியோடு சண்டைபிடிக்கிற பலம் இல்லை, சின்னப் புண்ணும் பெரிய விஷயம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

போவதற்குமுன் அம்மா செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த நீலக் கால்கள் இரண்டையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வேலிக்கு மேலால் எறிந்தார்.

"பிள்ளையென்ன வள்ளமே? ஓட்டையைக் கண்ட இடத்திலை ஒட்டிவிட!"

அப்பா முற்றத்தில் நின்றார். "நான் வேறை என்னத்தைச் செய்ய? எனக்குத் தெரிஞ்ச வேலை உதுதானே" என்றார். குரல் உடைந்திருந்தது. அப்பாவுக்கும் காய்ச்சல் என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கையில் ஊசி, சேலைன் போத்தல். அம்மா கட்டிலை விட்டு அசையவில்லை. அப்பா காலையில் சாப்பாடும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பார்ப்பார். அம்மாவும் அவரும் கதைக்கவில்லை. ஏதாவது தேவை என்றால் என்னூடாகத்தான் கேட்டார்கள். "அப்பாட்டைச் சொல்லு, நாளைக்குக் கஞ்சி போதும் எண்டு." "அம்மாட்டைக் கேள், உடுப்பு மாத்த வீட்டை போறாவோ எண்டு." மூன்று பேரும் ஆளுக்காள் கை எட்டும் தூரத்தில் இருந்தோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நானும் ஒரு முக்கியமான ஆளாகியிருந்தேன். இரண்டொரு தரம், சொல்லாத செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். "அம்மா ஐஸ்பழம் வாங்கியரட்டாம்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடி, கிடைக்காமல், வெறும் ஐஸ்கட்டியைப் போத்தலுக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அதைச் சூப்பியபோது வாய்ப்புண்ணின் எரிவு அடங்கியது. அந்த ஒரு பொய்யை மட்டும் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் நான் சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்தேன். கால்கள் தொங்கியபடியே இருந்தன. நடந்தால் தடக்குகிறது என்று முழங்காலில் தவழப் பழகிக்கொண்டேன். அது விரைவாகவும் இருந்தது. இரண்டாம் நாள் கிணற்றடிக்கு அப்படித் தவழ்ந்து போனவளை அம்மா கண்டார். ஓடிவந்து தூக்கிப் பார்த்தார். இரண்டு முழங்காலும் கல்லில் உரசி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

அம்மா என்னை ஏசவில்லை. முழங்கால்களைக் கழுவி மருந்து போட்டுக் கட்டிலில் இருத்திவிட்டு, மாமி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நீலக் கால்கள். வேலிக்கு அப்பால் விழுந்தவற்றை மாமி எடுத்துக் கழுவி, அந்தோனியார் படத்துக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு நாளும் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். கேட்டவுடன் தருவதற்கு அவருக்கு மனமில்லையாம்.

அம்மா நிலத்தில் அமர்ந்து ஒரு காலை எடுத்தார். உள்பக்கத்தைக் கையால் தடவினார். மீன் வெட்டியும் கயிறு இழுத்தும் காய்த்த கைக்கு ஒன்றும் தெரியவில்லைபோலும். பிறகு அதைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்து, மெதுவாக மேலும் கீழும் தேய்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். அப்பா வேலை முடிந்து வந்து படலையைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இதிலை குத்துது" என்றார் அம்மா, அவரைப் பார்க்காமல்.

அப்பா வந்து முன்னால் குந்தினார். "எதிலை?"

"இஞ்சை."

அப்பா அரத்தை எடுத்துவந்து அந்த இடத்தை அராவிக் கொடுத்தார். அம்மா திரும்பவும் கன்னத்தில் தேய்த்தார். "இப்பவும் கிடக்கு. கொஞ்சம் கீழை." அப்பா அராவினார். "இப்ப?" "அதிலை சரி. இந்த விளிம்பு."

பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பதினொரு நாள் கழித்து அவர்கள் கதைத்த கதை அவ்வளவுதான். இதிலை, எதிலை, இஞ்சை, சரி. கண்ணாடித் தூள் பட்டு அம்மாவின் கன்னம் மிளகாய்போலச் சிவந்துவிட்டது. இரண்டு நாள் சொறிந்துகொண்டு திரிந்தார். பிறகு தன்னுடைய மெல்லிய சேலை ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து உள்ளே வைத்துத் தைத்தார். ஒரு மணித்தியாலம் போட்டால் ஒரு மணித்தியாலம் கழற்றவேண்டும். கழற்றும்போதெல்லாம் என் பாதத்தை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு ஒரு பொட்டுக் கண்டாலும் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா அரத்தோடு ஓடிவருவார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கொப்புளமும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் கோயிற் சுவாமி, எங்கள் பாதிரியார், வீட்டுக்கு வந்தார். எனக்கு முதல் நன்மை, அதாவது முதன்முறையாக நற்கருணை அப்பம், கொடுக்கப் போகிறார்களாம். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம்தான் முறை. அந்த வருடம் நன்மை எடுக்கவிருந்தவர்கள் எனக்கு மூத்தவர்கள். மாமியின் மகள், என் மச்சாள், அதில் ஒருத்தி. ஞாயிறு தவறாமல் மறைக்கல்விக்குப் போய், புத்தகம் முழுவதையும் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். சுவாமி என்னிடம் இரண்டே இரண்டு கேள்வி கேட்டார்.

"உன்னைப் படைச்சது ஆர்?"

"கடவுள்."

"நற்கருணையிலை இருக்கிறது ஆர்?"

"யேசுநாதர்."

"கெட்டிக்காரி" என்றார் சுவாமி. "போதும்."

என் கெட்டித்தனம் அவ்வளவு விரைவாகச் சுவாமிக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மச்சாளிடம் போய், "நீ புத்தகம் முழுக்கப் பாடமாக்கவேணும். எனக்கு ரெண்டு கேள்விதான்" என்றேன். "நீ வருத்தக்காரி எண்டபடியால்தான்" என்றாள் அவள். எரிச்சலில் சொல்கிறாள் என்று நினைத்து, அவளை மன்னித்தேன்.

அம்மா வெள்ளைச் சட்டை தைத்தார். முகமும் வயிறும் வீங்கும் நாளில் அளவெடுத்தது வீக்கம் வற்றியதும் தொளதொளத்தது, பிடித்துத் தைத்தார். திரும்ப வீங்கியது, பிரித்துத் தைத்தார். தலைக்கு வெள்ளை வலைத்துணியும் பூமுடியும். மயிர் இல்லாத தலையில் பூமுடி நிற்காது என்று உள்ளுக்கு ஒரு தொப்பி தைத்து அதோடு சேர்த்தார். மிச்சம் இருந்தது கால். வெள்ளைச் சட்டைக்குக் கீழே வள்ளத்து நீலம் தெரிந்தது.

"வெள்ளை அடிச்சுத் தாங்கோ" என்று அம்மா அப்பாவிடம் சொன்னார்.

"வேண்டாம்" என்றேன் நான். அப்பா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பெயின்ற் காயாது என்று சொல்லித் தப்பிக்கொண்டார். அம்மா பெரிய வெள்ளைக் காலுறை தேடி எடுத்து மேலால் இழுத்துவிட்டார். கோயில் வாசலில் அதை நான் கணுக்கால்வரை சுருட்டிவிட்டேன்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நன்மை எடுக்கிற பிள்ளைகள் நடுவழியால் ஒவ்வொருவராகப் பீடத்துக்குப் போகவேண்டும். என்னைக் கன்னியாஸ்திரி ஒருவர் கைபிடித்துக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. என் முறை வந்தபோது நான் கையைக் கொடுக்கவில்லை. சீமெந்து நிலத்தில் என் கால்கள் டொக், டொக் என்று சத்தமிட்டன. பாட்டு நின்று அடுத்த பாட்டுத் தொடங்காத இடைவெளி அது. கோயில் முழுவதும் கேட்டது.

பாதி வழியில் வலது காலின் வார் இளகிவிட்டது. கால் ஒரு பக்கம் சரிந்தது. நான் நின்றேன். ஆண்கள் பக்கத்தில் வாங்குப் பலகை ஒன்று கிரீச்சிட்டது. அப்பா எழும்பிவிட்டார். அவருடைய ஒரு கால் நடுவழிக்கு வந்தும்விட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். தலையை மெல்ல, ஒரே ஒருதரம் இல்லை என்று ஆட்டினார். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

நான் குனிந்தேன். பூமுடி முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. அதைப் பின்னால் தள்ளிவிட்டு, வாரை இழுத்து, கொளுக்கியை மாட்டினேன். விரல் நுனிகளும் ஊசியால் விறைத்திருந்தன. மூன்று தரம் வழுக்கியது, நாலாம் தரம் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்து நடந்தேன். டொக், டொக்.

என் வாய்ப்புண்ணுக்கு முழு அப்பம் விழுங்கக் கஷ்டம் என்று சுவாமி அதை நாலாக உடைத்து ஒரு துண்டை மட்டும் நாக்கில் வைத்தார். மற்றப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கிடைக்க எனக்குக் கால்வாசி யேசுநாதர்தான் கிடைத்தார் என்று பூசை முடிந்ததும் அழுதேன். எந்தத் துண்டிலும் அவர் முழுதாகத்தான் இருக்கிறார் என்று கன்னியாஸ்திரி சொன்னார். நான் சமாதானமானதும் படமெடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பூசணிக்காய் முகம், சரிந்த பூமுடி, சட்டையைத் தூக்கி நீலக் கால்களைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். டொக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. ஏழெட்டு மாதத்தில் ஒரு காலை, அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது என் வலதுகாற் பெருவிரல் தானாக நிமிர்ந்தது. அம்மா போட்ட சத்தத்தில் மாமி மெழுகுதிரியோடு ஓடிவந்தார். அடுத்த மாரிக்குள் நான் சாதாரணச் செருப்போடு நடந்தேன். மயிர் திரும்ப வந்தது, முன்னர் இல்லாத சுருளோடு. குளிசைகள் இன்னும் ஒன்றரை வருடம் நீடித்து, அதன்பின் நின்றன. நின்ற அடுத்த வருடம் தம்பி பிறந்தான்.

எனக்குத் திருமணம் நிச்சயமான நாளில், அம்மா பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்த நன்மைப் படத்தைக் கையில் எடுத்தார். "அடுத்த வருஷம்தான் உனக்கு முறை" என்றார். "நான்தான் சுவாமியட்டைப் போய் அழுதனான். அடுத்த வருஷம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க எனக்குத் துணிவில்லை. காய்ச்சலோடை ஒன்பது நாள் கிடந்தாயே, அதுக்குப் பிறகு." அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லையாம். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றார்.

தெரிந்துதான் இருக்கவேண்டும். நன்மை எடுத்து இரண்டு மூன்று கிழமைக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அப்பா கொட்டிலுக்குள்ளிருந்து இன்னொரு சோடி நீலக் கால்களைக் கொண்டுவந்தார். யாரிடமும் சொல்லாமல் செய்திருந்தார். விளிம்பெல்லாம் தேய்த்து மினுக்கியிருந்தது. அம்மா முற்றத்தில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். அப்பா எனக்குப் பக்கத்தில் குந்தி, புதிய காலை மாட்டிவிட்டார். என் பாதம் அதற்குள் ஆடியது. விரல்களுக்கு முன்னால் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது.

"பெரிசப்பா. பிழைச்சுப் போச்சு."

"பிழைக்கேல்லை" என்றார் அப்பா. "அடுத்த வருஷத்துக்கு. அப்ப உனக்குக் கால் வளந்திருக்கும்."

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. எழும்பி, கையைக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் காலடியில் இருந்தார். அந்த வெறும் இடத்துக்குள் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார். ரெசின் வீணாகிவிட்டது என்று அப்பாவுக்கு இப்போது நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன்.

"ஓம்" என்றார் அம்மா. "அடுத்த வருஷம் சரியாயிருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய பிழையை அப்பா விட்டிருக்கிறார். கண்ணால் கண்டுகொண்டும் அம்மா அவருக்குப் பக்கப்பாட்டுப் பாடுகிறார். அழத் தொடங்கினேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கும்போது அம்மாவின் கண்ணால் தண்ணீர் வடிந்தது. மீன் வெட்டிய கையோடு கண்ணைத் தொட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.